கேனில் விழாத மத்தியானம்

சேவூரில் சொந்தக்காரர் தனக்கோடி கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசப் பந்தியில்தான் பரிமளாவுக்கு விஷயம் தெரிந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த லாவண்யா அப்பளத்தை ஒடித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாமாவுக்கு நுரை கொறஞ்சிச்சாக்கா?"

லாவண்யா, பரிமளாவின் புருஷன் ஜீவானந்தத்தின் அத்தை மகள். ஆரணி டவுனில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அவள் மாமா என்றால் அவன்தான். ஆனால் எந்த நுரை என்று பரிமளாவுக்குப் புரியவில்லை.

"இப்போ பரவால்ல" என்றாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எட்டு மாசமா சொல்லிகினு கீறேன், ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ மாமான்னு. ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணியாட்டம் நுரைக்குதுன்னா சும்மா வுடக் கூடாது. நீங்களாவது சொல்லுங்கக்கா."

பரிமளா தலையை ஆட்டினாள். இலையில் பாயசம் விழுந்தது. அவள் அதைத் தொடாமலே இலையை மூடினாள்.

வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்றரைத் தெரு தூரத்தையும் நனைந்துகொண்டே நடந்தாள். வீட்டின் முன்னறை முழுக்கத் தறி. ஜீவானந்தம் இடுப்பு வரை குழிக்குள் இறங்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். ஈரக் காற்றில் பாவு நூல் தொய்ந்து போயிருந்தது. இழை இழையாக நீவிச் சரி செய்துவிட்டு, ஊடை நூல் பாய்ச்சும் நாடாவை ஓடவிட்டான்.

"சாப்பாடு எப்படி?" என்றான் தலை நிமிராமல்.

"மேல ஏறி வாங்க."

"இந்த முந்தி முடிச்சிட்டு..."

"வாங்கன்னேன்."

அவன் கையூன்றி மேலே ஏறி உட்கார்ந்தான். பரிமளா குனிந்து அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் இருக்கிற கால். அதை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"எட்டு மாசமா நுரைக்குதாமே."

அவன் வாசலைப் பார்த்தான். "லாவண்யா சொன்னாளா?"

"அவதான் சொல்லணும். எங்கிட்ட சொல்றதுக்கு வேற யார் கீறாங்க?"

"அத்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு பாக்கப் போனேன் இல்ல, மாசில. அப்போ பேச்சுவாக்குல கேட்டேன். அவ லேப்ல கீறா, தெரிஞ்சவ, அதான். உங்கிட்ட சொன்னா நீ பயந்து பேஜார் பண்ணுவ. சோறு தண்ணி எறங்காது உனக்கு."

"பதினாறு வருஷமா உங்க துணிய நான் தோய்க்கிறேன். நீங்க இருமினா எந்தப் பக்கம் வலிக்கும்னு எனக்குத் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன். பந்தில உக்காந்து, பக்கத்து எலைக்காரி எனக்குச் சொல்றா."

"பக்கத்து எலைக்காரியா? லாவண்யாடி."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஜீவானந்தத்துக்கும் லாவண்யாவுக்கும் சிறு வயதிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள். லாவண்யா லேப் படிப்புக்குப் போனதும், தறிக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவள் அப்பா முறித்துவிட்டார். அவளைச் செய்யாறு பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் ராஜேஷுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் போளூர்ப் பக்கத்து விவசாய வீட்டிலிருந்து பரிமளாவைக் கொண்டுவந்தார்கள். தறி என்றால் என்னவென்றே அறியாமல் வந்தவள், ஆறே மாதத்தில் ஊடை நூலைத் தாரில் சுற்றவும் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடியவும் கற்றுக்கொண்டாள். லாவண்யாவிடம் தப்பாக ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இது வாயைத் திறந்து சொல்ல முடியாத எரிச்சல்.

அந்த வாரமே டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லேபில் கேனை வாங்கி அளந்தவள் லாவண்யாதான். ஒரு நாளைக்கு மூன்றரை கிராமுக்கு மேல் புரதம் போகிறது என்று வந்தது. ரத்தக் கொதிப்பும் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். முதுகு வலிக்கென்று ஜீவானந்தம் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். மூன்று வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்து, குறையாவிட்டால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லாவண்யா வீட்டுக்கே வந்தாள். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தார்கள். பரிமளா அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

"இத பாரு மாமா. கிட்னில ரத்தத்த வடிகட்டுற எடம் ஒண்ணு கீது. புரதம் அதுல நின்னுடணும், கீழ எறங்கக் கூடாது. உனக்கு அது பழுதாயி ஒழுவுது. அதுகூடப் பரவால்ல. அதுக்குக் கீழ பொடிசு பொடிசா குழாய்ங்க. அந்தக் குழாய் சுவத்துல கீற செல்லுங்க, எறங்கி வர்ற புரதத்த வீணா போவக் கூடாதுன்னு எடுத்து உள்ள போட்டுக்கும். கொஞ்சம் வந்தா செரிச்சிடும். நாள் பூரா கொட்டிகினே இருந்தா?"

"திணறிப் பூடும்" என்றான் ஜீவானந்தம்.

"ஆங். திணறி, அதுங்களே நோவு புடிச்சிப் போவும். ஆபத்துன்னு ஆள் கூப்புடும். ரத்தத்துலேர்ந்து வெள்ளை அணுங்க கூட்டமா வந்து எறங்கும். வந்ததுங்க சும்மா இருக்காது, அந்த எடமே வீங்கிப் புண்ணாயிடும். புண்ணு ஆறினாக்கூடத் தழும்புதான். தழும்பு வுழுந்த எடம் அப்பால வேல செய்யாது."

"வலி ஒண்ணும் தெரியலியே?"

"தெரியாது மாமா. அதான் கஷ்டமே. அதனால ஒழுவுறத கொறைக்கணும். மாத்திரைய வுடாத. கறி, முட்டை, பருப்பு எல்லாம் அளவுதான்."

ஜீவானந்தம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தான். பரிமளா ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொன்னால் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். இப்போது கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தான். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. லாவண்யா புறப்படும்போது அந்தத் தாளைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் அவளே ஒட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பரிமளா ஆறு முட்டை வாங்கி வந்தாள்.

அவள் கணக்கு எளிமையானது. உடம்பிலிருந்து சத்து ஒழுகுகிறது. ஒழுகுகிற உடம்புக்கு ஊட்டித்தான் ஆக வேண்டும். போளூரில் அவள் அப்பா மாட்டுக்குக் கூட அப்படித்தான் செய்வார். குறைத்துக்கொள் என்று சொல்ல லாவண்யாவுக்கு வாய் இருக்கிறது, நாளைக்கு அவன் துவண்டு விழுந்தால் தாங்கப் போவது யார்? காலையில் அவித்த முட்டை இரண்டு. மத்தியானம் மொச்சைக் குழம்பு, கருவாடு. மழைக்கு இதமாக ஆட்டுக்கால் சூப்.

"லாவண்யா வேணாம்னு எழுதி வெச்சிகீறாளே" என்றான் அவன் முதல் நாள்.

"எழுதினவ வந்து ஆக்கிப் போடுவாளா?"

அவனுக்கும் உப்பில்லாக் கஞ்சி பிடிக்கவில்லை. சூப்பை உறிஞ்சிவிட்டு, "அவகிட்ட சொல்லிடாத" என்றான்.

அந்த ஒரு வார்த்தை பரிமளாவின் வயிற்றில் பால் வார்த்தது. லாவண்யாவுக்குத் தெரியாத ஒன்று இப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. தார் சுற்றிக்கொண்டே சுவரில் இருந்த தாளைப் பார்ப்பாள். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அவன் முகம் காலையில் உப்பலாக இருப்பதைக்கூட, தேறி வருகிறான் என்றே எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் முடிந்து கேன் மறுபடி வீட்டுக்கு வந்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. நம்பர் ஏறியிருந்தால்? டாக்டர் கேட்பார். இவன் உளறுவான். முட்டையும் சூப்பும் வெளியே வரும். லாவண்யா அவளை ஒரு பார்வை பார்ப்பாள். திட்டமாட்டாள், அதுதான் தாங்க முடியாதது. "அக்காவுக்குத் தெரியாது பாவம்" என்று அவனிடம் சொல்வாள்.

"நீங்க தறிய வுட்டு வுட்டு எழுந்து போய் ஊத்திகினு இருக்க வேணாம். ஜக்குல போயிட்டு அங்கியே வெச்சிட்டு வாங்க, நான் கேன்ல ஊத்திக்கிறேன்" என்றாள்.

காலையில் இரண்டு தடவை ஒழுங்காக ஊற்றினாள். கேனை நிழலில், ஈர மணலில் வைத்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவன் வைத்துவிட்டுப் போன ஜக்கை எடுத்தாள். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னறையில் தறி ஓடும் சத்தம் கேட்டது. ஜக்கைச் சாக்கடையில் கவிழ்த்து, மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். மூன்று மணிக்கு ஒரு தடவை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு இன்னொரு தடவை. அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை எல்லாவற்றையும் கேனிலேயே ஊற்றினாள்.

ரிப்போர்ட்டில் இரண்டு கிராமுக்கும் கீழே காட்டியது. ஜீவானந்தம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தே கூப்பிட்டான்.

"பரிமளா, பாதியாயிடுச்சி. உன் கை ராசி."

"நான் சொன்னேன் இல்ல" என்றாள். அன்றைக்கு அவன் நெய்த அழகே தனியாக இருந்தது. வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். பரிமளாவால் அதை முழுசாகக் கேட்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய்த் துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினாள்.

மறுநாள் ஜீவானந்தம் தறியிலிருந்து அறுத்த சேலையை முதலாளியிடம் கொடுக்க டவுனுக்குப் போயிருந்தான். தூறலில் ஸ்கூட்டி வந்து நின்றது. லாவண்யா மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கையில் காலிக் கேன்.

"மாமா இல்லியேக்கா?"

"இல்ல. இப்பதான் போனாரு. போன் பண்ணிப் பேசிக்கோ."

"தெரியும். போறத பாத்துட்டுத்தான் வந்தேன்." பாயில் உட்கார்ந்தாள். "இந்தக் கேன்ல புரதம் மட்டும் பாக்க மாட்டாங்கக்கா. கிரியாட்டினின்னு ஒண்ணு பாப்பாங்க. தசையிலேர்ந்து வர்ற கழிவு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அது ஏறக்குறைய ஒரே அளவுதான் வெளிய போவும். பெருசா மாறாது. போன வாட்டி மாமாவுக்கு ஆயிரத்து நூறு. இந்த வாட்டி ஐநூத்தி நாப்பது."

"அதுவும் கொறஞ்சிடுச்சா. நல்லதுதான?"

"பாதி நாளு கேன்ல இல்லக்கா."

பரிமளா சுவரைப் பார்த்தாள். "கை தவறி இருக்கும்."

"ஒரு வாட்டி தவறினா இவ்ளோ கொறையாது."

மழை ஓட்டில் பலமாக இறங்கியது.  கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் பரிமளா மனசுக்குள் உருட்டிய வார்த்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தன.

"ஆமா. நான்தான் கொட்டினேன். இன்னா இப்போ? அவரு ஒண்ணுக்குப் போறது வரிக்கும் உனக்குக் கணக்குத் தெரியணுமா? எட்டு மாசமா எனக்குத் தெரியாது. என் வூட்டு ஆம்பளைக்கு ஒடம்பு இன்னான்னு எனக்கு நீ சொல்ற. எங்க வூட்டுச் சுவத்துல உன் கையெழுத்து. நீ பேசினா வாயத் தொறந்துகினு கேக்கறாரு. நான் ஆக்கிப் போட்டதுல கொறஞ்சிச்சின்னு ஒரு நாளாவது அவரு சொல்லட்டும்னு கொட்டினேன்."

"இன்னா ஆக்கிப் போட்டீங்க?" லாவண்யாவின் குரல் மாறியது.

பரிமளா சொன்னாள். முட்டை, மொச்சை, கருவாடு, சூப். சொல்லச் சொல்ல லாவண்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒழுவுற எடத்துல மேல மேல ஊத்தினா, கீழ கீற குழாய்க்குத்தான்கா போய் சேரும். அன்னிக்கு அதத்தான சொன்னேன்."

"நீ அவருக்குச் சொன்ன. நான் கதவாண்ட நின்னுகினு இருந்தேன்."

 மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் பாயில் கோடாக ஓடியது. லாவண்யா அதைக் கையால் வழித்துவிட்டாள்.

"நிஜம்தான்" என்றாள் கடைசியில். "மொதல்ல அவரு எங்கிட்டதான் சொன்னாருன்னு எனக்கு ஒரு சந்தோஷம் இருந்துச்சிக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். வேற ஒண்ணுமில்ல. தறிக்காரன் வேணாம்னு எங்கப்பா சொன்னப்போ நான் வாயே தொறக்கல. மாமா அத மனசுல வெச்சிக்காம எங்கிட்ட வந்து கேக்கறாரேன்னு. பந்தில உங்கள வெச்சிகினு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும்."

பரிமளா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் கேட்டியா?"

"தெரிஞ்சேதான் கேட்டேன்."

 லாவண்யா கேனை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த ரிப்போர்ட்ட டாக்டர் பாத்தா, தேறிட்டாருன்னு வேலூருக்கு அனுப்ப மாட்டாரு. உள்ள புண்ணாயிகினே இருக்கும். நாளைக்குத் திரும்பப் புடிச்சிக் குடுங்க. மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

ஜீவானந்தம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பினான். தட்டில் உப்புக் குறைந்த ரசத்தையும் பூசணிக்காய்ப் பொரியலையும் பார்த்துவிட்டு, "இன்னா, சூப் இல்லியா?" என்றான். பரிமளா எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். பன்னிரண்டு மணி, மூன்று மணி, விளக்கு வைக்கும் நேரம் என்று ஒவ்வொன்றாக. அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"நான் சாவறனா பொழைக்கறனான்னு பாக்கற டெஸ்ட்டுடி அது."

"தெரியும்."

"தெரிஞ்சா கொட்டின?"

 அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். தறியில் உட்காரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே போனான். பரிமளா வாசற்படியில் நின்று வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தாள். லாவண்யா வீட்டுக்குப் போகிற பக்கம்தான் திரும்பியது. இவ்வளவுக்குப் பிறகும் அவள் நெஞ்சு அதைத்தான் முதலில் பார்த்தது.

நாலு மணிக்கு நனைந்துகொண்டு வந்தான். துண்டைக் கொடுத்தாள்.

"லாவண்யா வூட்டுக்கா?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஏரிக்கரைல ஒக்காந்திருந்தேன். ரோட்டுல ஒதுங்க எடமில்ல." தலையைத் துவட்டினான். "நான் எட்டு மாசம் மறைச்சேன். நீ ஒரு மத்தியானம் மறைச்ச. யாருது பெருசுன்னு யோசிச்சிப் பாத்தேன். சண்ட போடக்கூட நாயம் இல்ல எனக்கு. ஆனா மனசு ஆறல."

"ஆற வேணாம்" என்றாள் பரிமளா. "நாளைக்கு மட்டும் டெஸ்ட்டு குடுங்க."

இந்தத் தடவை ஜக்கை அவனே எடுத்துக்கொண்டுபோய் ஊற்றினான். அவள் கிட்டப் போகவில்லை. நாலு கிராமுக்கு மேல் காட்டியது. டாக்டர் அன்றைக்கே வேலூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுப் பக்கம் ஊசி விட்டுக் கிட்னியில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு நாள் படுக்க வைத்திருந்தார்கள். அசையாமல் மல்லாந்து கிடந்தவனிடம் பரிமளா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போது முதலில் பார்த்தான், அப்போது என்ன நினைத்தான், முகம் எந்த மாதத்திலிருந்து உப்பியது, முதுகுக்கு எத்தனை மாத்திரை போட்டான். அவன் ஆரம்பத்தில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையில் சொன்னான். பிறகு தானாகவே சொன்னான். மாசி மாதம் முதல் தடவை பார்த்தபோது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் உள்ளேயே நின்றதைச் சொன்னான். வெளியே நின்று அவள் கதவைத் தட்டியதையும், வயிறு சரியில்லை என்று தான் சொன்னதையும் சொன்னான். அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆரணி பஸ் நின்றிருந்தது. பரிமளா ஏறி ஜன்னலோரம் பையைப் போட்டு இடம் பிடித்தாள். ஜீவானந்தம் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. குனிந்து அவள் காதில் சொன்னான்.

"செவப்பா போவுது. ரத்தமாட்டம். யார்கிட்டயும் சொல்லல, உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் வெந்தாள். காதில் விழுந்தபோது சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மாசியில் லாவண்யா இதைக் கேட்டபோது அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. கண்டக்டர் விசில் ஊதினார். பரிமளா பையை இழுத்துக்கொண்டு, "எறங்குங்க, ஜல்தி" என்று அவனைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். டீக்கடை பெஞ்சில் அவனை உட்கார வைத்தாள். போனை எடுத்து லாவண்யாவுக்கு அவளே அடித்தாள்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். பரிமளா சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஊசி வுட்டதுக்கு அப்பால கொஞ்சம் அப்படிப் போவும்கா, பயப்படாதீங்க. ஆனா பஸ் ஏறாதீங்க. திரும்ப ஆஸ்பத்திரிக்கே போங்க, இப்பவே. கட்டி கட்டியா வருதா? முதுகு வலிக்குதா, தல சுத்துதா? போனை மாமாகிட்ட குடுங்க, நான் கேக்கறேன்."

பரிமளா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டயே சொல்லும்மா. நான் கேட்டுச் சொல்றேன்."

 மறுமுனையில் லாவண்யா முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பரிமளா ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, அவனை ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டு, ஒரு சந்தேகம் விடாமல் கேட்டுக்கொண்டே போனாள்.

ரத்தம் இரண்டு நாளில் நின்றது. ஒரு வாரம் கழித்து வந்த முடிவில் குழாய்ப் பக்கம் கால் பங்குக்குத் தழும்பு விழுந்துவிட்டதாக இருந்தது. அது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அந்தக் கால் பங்கில் தன் முட்டைக்கும் சூப்புக்கும் பங்கு எவ்வளவு என்று பரிமளா கேட்டாள். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாதும்மா என்றார் அவர்.